உறையும் கணக்கும்: ஜப்பானிய வாட்கலையும் நம் சிலம்பமும்

(உத்திரமேரூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். பேச்சினிடையே வந்த சில கிளைச் செய்திகள் குறைக்கப்பட்டுள்ளன.)



ஜப்பானிய வாட்கலையின் தத்துவத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் சிலம்பம் பயிலும் பிள்ளைகள் பெருகிவருகிறார்கள், அவர்களுக்கும் பயன்படும்படி பேச்சு இருக்கட்டும் என்றும் கேட்டுக்கொண்டீர்கள். இரண்டும் ஒரே பேச்சில் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுதம் ஏந்துகிற கலை எதுவானாலும் அதற்கு இரண்டு கட்டுகள் வேண்டும். ஒன்று, பயில்கிறவர் தம் மனத்துக்குத் தாமே போட்டுக்கொள்ளும் கட்டு. மற்றொன்று, அவரைச் சுற்றியிருக்கும் ஊர் அவருக்குப் போடும் கட்டு. முதற்கட்டைப் பற்றி ஜப்பானியர் அளவுக்கு நுட்பமாக எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் இரண்டாவது கட்டு அறுந்தபோது முதற்கட்டு அவர்களைக் காக்கவில்லை. அந்த இரண்டாவது கட்டைப் பற்றி இந்த ஊர்க் கோயில் சுவரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக எழுதியிருக்கிறது. இந்த எண்ணத்தை ஆறு படிகளாக விரித்துச் சொல்கிறேன்.

1. வாளுக்குத் தத்துவம் பிறந்தது அது உறையில் இருந்த காலத்தில்தான்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டு உங்களில் பலருக்குப் பள்ளிப் பாடமாக வந்திருக்கும். அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். அங்கே ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசப்பெற்று, காவலுள்ள இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வது போலப் பழித்த பாட்டு என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். அது சரியான விளக்கம்தான். தொண்டைநாட்டு மண்ணில் நின்று பேசுகிறவன் என்பதால், நெய் பூசிய அந்த ஆயுதங்களை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கச் சொல்கிறேன். பயன்படாமல் பளபளக்கிற ஆயுதத்தை வைத்துக்கொண்டு ஒரு சமூகம் என்ன செய்யும்?

ஜப்பானுக்கு இந்தக் கேள்வி 1615இல் வந்தது. அதற்கு முன் நூறாண்டுக்கு மேல் அங்கே சிற்றரசர்கள் ஓயாமல் போரிட்டார்கள். அந்தப் போர்க்களங்களில் வாள் முதல் ஆயுதமே இல்லை. வில்லும் ஈட்டியும் முன்னே நின்றன. 1543இல் போர்த்துக்கீசியர் தானெகஷிமா தீவில் இறங்கிய பிறகு துப்பாக்கியும் சேர்ந்துகொண்டது. 1603இல் தொக்குகாவா குடும்பத்தின் ஆட்சி தொடங்கியது. 1615இல் ஓசாக்கா கோட்டை விழுந்தது. ஒரு பெரிய கலகம் நீங்கலாக, அதன்பின் ஏறத்தாழ 250 ஆண்டுகள் நாட்டில் பெரும்போர் நடக்கவில்லை. சாமுராய் இடுப்பில் இரண்டு வாள்கள் தொங்கின. அவற்றை உருவ வேண்டிய வேலை பெரும்பாலும் வரவில்லை.

வாளைப் பற்றிய மூன்று பெரிய எழுத்துகளும் ஓசாக்கா விழுந்த முப்பது ஆண்டுக்குள் வந்தவை. தொக்குகாவா ஆட்சியாளர்களுக்கு வாள் கற்றுக்கொடுத்த யாக்யூ முனெனோரி 1632இல் தம் குடும்பக் கலையை நூலாக்கினார். அவருடைய நண்பரும் ஜென் துறவியுமான தக்குவான், மனத்தைப் பற்றி அவருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். மியாமோட்டோ முசாஷி குமாமோட்டோ அருகே ஒரு குகையில் இருந்துகொண்டு 1643இல் தொடங்கி 1645இல் இறக்குமுன் ஐந்து பகுதிகள் கொண்ட நூலை எழுதி முடித்தார். தக்குவான் துறவி. முனெனோரியும் முசாஷியும் போரை நேரில் கண்டவர்கள். ஆனால் படித்தவர்களோ போரைக் காணாத தலைமுறையினர். கொல்லும் திறன் இனித் தேவைப்படாது என்ற நிலையில், அந்தத் திறனைப் பெற்ற உடலையும் மனத்தையும் என்ன செய்வது என்பதுதான் மூன்றுக்கும் அடிக்கேள்வி. தவறாகப் பிடித்தால் கொல்லும் வாள், சரியாகப் பிடித்தால் பலருக்கு உயிர் தரும் என்று முனெனோரி எண்ணினார். ஒரு தீயவனை அடக்கினால் பதினாயிரம் பேர் பிழைப்பார்கள் என்பது அவர் வாதம். இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் படியில் இதே வாதம் வேறு முகத்தோடு வரும்.

2. அந்தத் தத்துவம் ஏட்டில் இருப்பதைவிட உடற்பயிற்சியில்தான் தெளிவாகத் தெரியும்.

இயாய்டோ என்றொரு கலை உண்டு. வாளை உறையிலிருந்து உருவுவதும் மீண்டும் உறையில் இடுவதுமே அதன் பாடம். எதிராளி கிடையாது. எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக மனத்தில் கொண்டு தனியாகச் செய்ய வேண்டும். அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு 1969இல் எல்லா மரபினருக்கும் பொதுவாக வகுத்த வரிசையின் முதல் அடைவை மட்டும் விவரிக்கிறேன். இங்குள்ள ஆசான்களுக்கு உடனே பிடிபடும்.

முழங்காலிட்டு, குதிகால் மேல் அமர்ந்து தொடங்குகிறார்கள். வாள் இடப்பக்கம் உறையில் இருக்கிறது. எதிரே இருப்பவரிடம் தாக்கும் எண்ணம் எழுவதை உணர்ந்ததும் இரண்டு கையும் வாளுக்குப் போகின்றன. முழங்காலில் எழும்பி, வலக்கால் முன்னே வைக்கும்போதே வாள் உறையை விட்டுக் கிடைமட்டமாக எதிராளியின் நெற்றிப்பொட்டு உயரத்தில் பாய்கிறது. உடனே தலைக்கு மேல் உயர்ந்து இரண்டு கையாலும் நேர் கீழே ஒரு வெட்டு. பிறகு வாளில் ஒட்டிய குருதியை உதறுவதாக ஓர் அசைவு. கடைசியாக வாள் உறைக்குள் போகிறது. இடக்கை விரல்கள் உறையின் வாயைப் பற்றியிருக்க, கண் எதிராளி விழுந்த இடத்தை விட்டு அகலாமல், உறையைக் குனிந்து பார்க்காமல் வாளை உள்ளே விட வேண்டும். நான்கு செயல்களில் மிக மெதுவாக நடப்பது இந்தக் கடைசிச் செயல்தான். உடலும் அதோடு சேர்ந்து தாழ்ந்து முழங்காலுக்கு வருகிறது.

வேகமாக உருவுவதை இளைஞர்கள் சில ஆண்டுகளில் பிடித்துவிடுவார்கள். உறையில் இடுவதில்தான் ஆளின் தரம் தெரியும். வெட்டி முடித்துவிட்டோம் என்று மனம் தளர்ந்தால் அந்தக் கணத்திலேயே கை நடுங்கும், கண் கீழே போகும். செயல் முடிந்த பிறகும் விழிப்புக் குறையாத அந்த நிலையை அவர்கள் ஸான்ஷின் என்கிறார்கள். மூங்கில் வாளும் முகக்கவசமும் கொண்டு இருவர் மோதும் கெண்டோவிலும் இதற்குத்தான் பெருமதிப்பு. இலக்கில் அடி சரியாக விழுந்தாலும் அடித்தவரிடம் அந்த நிலை இல்லையென்றால் புள்ளி கிடையாது.

இதற்குத் தக்குவான் கடிதம் தரும் விளக்கம் எளிமையானது. எதிராளியின் வாளைப் பார்த்து மனம் அங்கே நின்றால் நீ வெட்டுப்படுவாய். உன் வாளில் நின்றாலும் அதே கதி. வெல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் நின்றாலும் தப்ப முடியாது. மனம் எங்கும் நிற்காமல் ஓட வேண்டும். ஆயிரங்கை கொண்ட கன்னோன் தெய்வத்தை அவர் உதாரணம் காட்டுகிறார்: மனம் ஒரு கையில் நின்றுவிட்டால் மற்ற 999 கைகளும் வீண். இன்னொன்றும் சொல்கிறார். ஏதும் அறியாத தொடக்க மாணவனுக்கு மனம் எங்கும் நிற்காது, ஏனென்றால் அவனுக்கு எந்த நிலையும் தெரியாது. கற்கக் கற்க மனம் ஒவ்வொன்றிலும் போய் நிற்கும். கற்று முடித்தவன் திரும்பவும் தொடக்க மாணவனைப் போல ஆகிவிடுவான். கால்வரிசை கற்ற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதன் நடுப்பகுதியை ஒப்புக்கொள்ளும்: காலைப் பார்த்தால் கம்பு தவறும், கம்பைப் பார்த்தால் கால் தவறும்.

3. இந்தத் தத்துவத்துக்கும் காஞ்சிக்கும் தொடர்பு உண்டு. ஆனால் நாம் வழக்கமாகச் சொல்லும் தொடர்பு அன்று.

போதிதர்மரைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். 2011இல் வந்த திரைப்படத்துக்குப் பிறகு, காஞ்சியிலிருந்து போன பல்லவ இளவரசர் சீனர்களுக்குப் போர்க்கலை கற்றுக்கொடுத்தார் என்பது நம் பிள்ளைகளுக்கு வரலாறாகவே ஆகிவிட்டது. அவர் தென்னிந்தியர், அரசரின் மூன்றாம் மகன் என்ற மரபு பழமையானது, மதிப்புக்குரியது. 547இல் எழுதப்பட்ட மற்றொரு சீன நூலோ அவரைப் பாரசீகர் என்கிறது. ஷாவோலின் மடத்தில் அவர் சண்டைப் பயிற்சி கற்பித்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததற்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிந்தியது. சீனாவிலும் ஜப்பானிலும் போர்க்கலை வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதை எப்போதோ மறுத்துவிட்டார்கள். ஜென் மரபின் முதல் ஆசானாக அவரைப் போற்றுவோம். அவர் கையில் கம்பைக் கொடுக்க வேண்டாம்.

உண்மையான தொடர்பு இன்னொருவர் வழியாக வருகிறது. அவர் வஜ்ரபோதி என்ற பௌத்தத் துறவி. பிறந்த இடம் பற்றிச் சீன நூல்களில் இரண்டு மரபுகள் உண்டு. இரண்டிலும் காஞ்சி இருக்கிறது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மப் பல்லவனின் காலத்தவர். காஞ்சியில் வறட்சி வந்தபோது மழைக்காக அவர் வழிபட்டதாகவும் அந்த நூல்கள் சொல்கின்றன. இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகக் கடலில் சென்று 719இல் சீனா சேர்ந்தார். 741இல் அங்கேயே இறந்தார். அவர் மாணவர் அமோகவஜ்ரர், அவருக்கு மாணவர் ஹுய்குவோ. ஹுய்குவோவிடம் பயின்று 806இல் ஜப்பான் திரும்பியவர் ஜப்பானியத் துறவி கூக்காய். அவர் கொண்டுபோன குரு ஓவியங்களில் வஜ்ரபோதியின் படமும் ஒன்று. கியோட்டோவின் தோஜி கோயிலில் அது இருக்கிறது.

கூக்காயின் மரபு ஜப்பானில் பரப்பிய தெய்வங்களில் ஒருவர் அசலர். ஜப்பானியர் ஃபுடோ என்று வணங்குகிறார்கள். அவருக்குரிய வழிபாட்டு நூல்களில் ஒன்று வஜ்ரபோதியின் மொழிபெயர்ப்பாகச் சீனத் திரிபிடகத்தில் உள்ளது. வலக்கையில் வாள், இடக்கையில் பாசக்கயிறு, சுற்றிலும் தீ, கடித்த பல். தக்குவான் தம் கடிதத்தில் அசையாத அறிவுக்கு உருவமாகக் காட்டுவது இந்த ஃபுடோவைத்தான். காஞ்சியை அறிந்த ஒரு துறவி கடல் கடந்து கொண்டுபோன மரபில் வந்த தெய்வம், 900 ஆண்டு கழித்து வாள் பிடிக்கிறவனுக்கு மனத்தை அடக்கச் சொல்லித் தருகிறது. போர்க்கலை கற்பித்த இளவரசர் கதையைவிட இது எனக்கு மேலானதாகப் படுகிறது. இது ஆதாரத்தோடும் நிற்கிறது. அந்தக் கயிறும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. தக்குவான் வாளை நிறைய விளக்கினார். கயிற்றுக்கு அவ்வளவு இடம் தரவில்லை.

4. மனக்கட்டு மட்டும் இருந்தபோது நடந்தது.

தொக்குகாவா ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1876இல் பொது இடத்தில் வாள் தரிப்பதைத் தடை செய்தது. அதற்குச் சற்று முன்பே வாளாசான்கள் பிழைப்பு இழந்திருந்தார்கள். சக்காகிபாரா கென்கிச்சி என்ற பெரிய ஆசான் 1873இல் தோக்கியோவில் கட்டணம் வாங்கிக்கொண்டு வாட்சண்டைக் காட்சி நடத்த வேண்டியிருந்தது. திருவிழாவில் கம்பு சுற்றிப் பிழைத்த நம் ஆசான்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். பிறகு காலம் திரும்பியது. 1895இல் கியோட்டோவில் போர்க்கலைகளுக்கான பெரும் சங்கம் ஒன்று அரச குடும்பத்தின் ஆதரவோடு தோன்றியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கெண்டோ பள்ளிப் பாடத்துக்குள் வந்தது. தோற்றுப்போன கலைக்கு அரசு வாழ்வு கொடுத்தது. கொடுத்ததற்குக் கைம்மாறும் கேட்டது.

1930களில் படை அதிகாரிகளுக்கு மரபுவழி வடிவ வாள் மீண்டும் வந்தது. மனம் நிற்காமல், தன்னை மறந்து, உயிருக்கு அஞ்சாமல் செயல்படு என்ற அதே உபதேசம் பாசறைகளில் சொல்லப்பட்டது. தீயவனை அடக்கினால் பலர் பிழைப்பார்கள் என்ற முனெனோரியின் வாதத்தில், தீயவன் யார் என்பதை இப்போது படைத்தலைமை முடிவு செய்தது. 1937இல் சீனாவின் நாஞ்சிங் நகரை நோக்கிப் போன இரண்டு இளம் அதிகாரிகள் வாளால் யார் முதலில் நூறு பேரைக் கொல்வது என்று போட்டியிடுவதாகத் தோக்கியோ நாளிதழ் ஒன்று விளையாட்டுச் செய்தியைப் போல எழுதியது. ஜென்னும் வாளும் ஒன்று என்று டி. டி. சுசுக்கி உலகுக்கு விளக்கிய நூல் அடுத்த ஆண்டு, 1938இல் வெளிவந்தது.

இது நமக்குத் தொலைவான கதை அன்று. 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போயின. தோட்டங்களில் இருந்த தமிழர்கள் சயாம்–பர்மா ரயில்பாதை போடப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை. ஓராண்டுக்குச் சற்று மேல். பட்டினியிலும் காலராவிலும் அடியிலும் பல்லாயிரம் தமிழர் அந்தக் காட்டில் மடிந்தார்கள். அந்தத் தலைமுறைத் தமிழர் கண்ட ஜப்பானிய வாள் அதிகாரியின் இடுப்பில் தொங்கிய வாள்தான்.

மதமும் இதில் உடன்போனது. பிரயன் விக்டோரியா 1997இல் ஜென் மடங்கள் போருக்குத் துணைநின்ற வரலாற்றைப் புத்தகமாக்கியபோது பலர் அதிர்ந்தார்கள். ஸோத்தோ ஜென் பிரிவு 1992இலேயே வருத்தம் தெரிவித்திருந்தது. ரின்ஸாய் ஜென்னின் மிகப் பெரிய கிளையான மியோஷின்ஜி 2001இல் மன்னிப்புக் கேட்டது. தவற்றை ஏற்றுக்கொண்ட அவர்களை வணங்குகிறேன்.

தக்குவானின் உபதேசம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது முழுமையானது அன்று என்கிறேன். மனம் நிற்காமல் ஓடும் திறன் ஒரு திறன். அதை எந்த எசமானுக்கும் கடன் கொடுக்கலாம். யாருக்காக வாள் உருவப்படுகிறது, உருவியவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை அந்த உபதேசம் கேட்கவில்லை. ஜப்பானிய மரபுகளிலும் வெளிக்கட்டு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 15ஆம் நூற்றாண்டில் தோன்றி இன்றும் சிபா மாகாணத்தில் வழங்கும் கதோரி ஷிந்தோ மரபில் சேர்கிறவர், விரலிலிருந்து துளி இரத்தம் இட்டு உறுதிமொழி எழுத வேண்டும். பிறரோடு வீணாக மோத மாட்டேன் என்பதும் அதில் அடங்கும். ஆனால் அந்த உறுதிமொழி மாணவனை ஆசானோடும் மரபுக் காவல் தெய்வத்தோடும் கட்டுகிறது. ஊரோடு கட்டவில்லை.

5. ஊர் போடும் கட்டு.

இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது 919இலும் 921இலும், சபையார் கூடி எழுதிவைத்த தீர்மானங்கள் அங்கே உள்ளன. 30 குடும்பு, குடவோலை, பெயரெழுதிய ஓலையைக் குடத்திலிருந்து எடுக்கும் சிறுவன் என்று எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். தேர்தலைப் பற்றியே நாம் பேசிப் பேசி, அந்தக் கல்வெட்டின் மற்றொரு பாதியை மறந்துவிட்டோம். யார் வரலாம் என்பதைப் போலவே யார் வரக்கூடாது என்பதும் அதில் விரிவாக இருக்கிறது.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவர் வரக்கூடாது. துணிந்து வன்செயல் செய்கிறவர் வரக்கூடாது. முந்திய மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவரும் வரக்கூடாது. 919இல் வயது 30 முதல் 60 வரை என்று வைத்தார்கள். இரண்டே ஆண்டில் அது போதவில்லை என்று கண்டு 35 முதல் 70 என்று மாற்றினார்கள். தாங்கள் எழுதிய விதியைத் தாங்களே திருத்திக்கொள்ளும் துணிவு அது. இந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களின் சபை. பெண்களுக்கும் ஊரின் பெரும்பாலான மக்களுக்கும் அதில் இடமில்லை. அந்தக் குறையைச் சொல்லாமல் இந்தக் கல்லைக் கொண்டாட எனக்கு மனம் வராது. ஆனாலும் அதிகாரத்தைக் கையில் கொடுக்கும்போதே கணக்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. ஒருவர் நல்லவராக இருப்பார் என்று நம்பி மட்டும் ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் அவர்கள் ஒப்படைக்கவில்லை.

வாளும் ஓர் அதிகாரம்தான். கம்பும் அப்படியே. நான் கேட்பது இவ்வளவுதான்: ஏரிக்கும் பொன்னுக்கும் கேட்ட கணக்கை ஆயுதக் கலைக்கும் கேட்க முடியுமா?

6. இனி நம் சிலம்பம்.

மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. 1878இல் வந்த ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமம் கொண்டுவந்தது. ஜப்பானில் வாள் தடைப்பட்டு இரண்டே ஆண்டில் இங்கும் சட்டம். ஆனால் அதன் பிறகு வழிகள் பிரிந்தன. அங்கே அரசு கலையை எடுத்து வளர்த்தது. இங்கே அந்நிய அரசு அதைச் சந்தேகத்தோடு பார்த்தது. வாள் பின்னே போனது, கம்பு நின்றது. சிலம்பத்தின் வீச்சும் வாளின் வீச்சும் காலடியில் ஒன்றுதான் என்று ஆசான்கள் சொல்வார்கள். கம்பு கற்றவர் கைக்கு மான்கொம்பும் வாளும் கேடயமும் சுருள்வாளும் பிறகு வரும். வாள் நம்மிடம் முழுதும் அழியவில்லை. கம்பின் வரிசைகளுக்குள் ஒளிந்து வாழ்ந்தது.

எழுத்து இல்லாமல் வாழ்ந்தது என்பதுதான் துயரம். ஜப்பானிய மரபுகள் பலவும் அடைவுகளின் பட்டியலைத் தாள் சுருளாக எழுதி, கற்று முடித்த மாணவனுக்குச் சான்றாகக் கொடுத்தன. அந்தச் சுருள்கள் இன்றும் கிடைக்கின்றன. நம் துளுக்காணம், குறவஞ்சி, மறக்காணம், நாகம் பதினாறு ஆகிய வரிசைகள் ஆசானின் உடலில் இருக்கின்றன. அவர் மறைந்தால் அவரோடு போய்விடுகின்றன. அரசும் பேரரசும் எடுத்துக்கொள்ளாததால் சிலம்பம் போர்வெறியின் கருவியாகவில்லை. இதை நன்மை என்றே கருதுகிறேன். ஆனால் ஊரளவில் அது எப்போதும் தூய்மையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சாதிச் சண்டையில் கம்பு இறங்கியிருக்கிறது. பெரிய மனிதர்களுக்கு அடியாளாகப் போன சிலம்பக்காரர்களும் உண்டு. இந்த அவையிலுள்ள பெரியவர்களுக்கு அது தெரியும்.

ஆனால் நல்ல ஆசான்கள் ஒரு கட்டை வைத்திருந்தார்கள். வந்தவுடன் கம்பைக் கொடுப்பதில்லை. வெறுங்காலடியில் நிறுத்திப் பார்ப்பார்கள். கோபக்காரனா, குடிப்பவனா, வீட்டில் கை நீட்டுகிறவனா என்று ஊரில் விசாரிப்பார்கள். சில அடிமுறைகளையும் வர்மத்தையும் எவ்வளவு பணிவிடை செய்தாலும் சிலருக்குச் சொல்லித்தர மாட்டார்கள். கம்பைத் தொடுமுன் மண்ணையும் ஆசானையும் அவையையும் வணங்கும் சலாம் வரிசையில் அவை என்று ஒன்று இருக்கிறது பாருங்கள். இயாய்டோக்காரர் தனியாக, இல்லாத எதிராளி முன்னால் செய்கிறார். நம் சிலம்பம் ஊர் சுற்றி நின்று பார்க்க நடக்கிறது. அந்த ஊர்க்கண்தான் நமக்கு வாய்த்த கயிறு. அதை நாம் கைதட்டுவதற்கு மட்டும் பயன்படுத்திவருகிறோம்.

இப்போது காலம் மாறுகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சான்றிதழ், இட ஒதுக்கீடு, பதக்கம் என்று அரசின் கை நம் கலைமேல் விழுந்திருக்கிறது. நான் அதை வரவேற்கிறேன். முன்வரிசையில் இவ்வளவு பெண்பிள்ளைகள் இருப்பது அதனாலும்தான். அரசு கைகொடுத்த காலத்தில் ஜப்பானியர் எதைச் செய்யத் தவறினார்களோ அதை நாம் இப்போதே செய்ய வேண்டும். மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

வரிசைகளைக் காணொளியாகப் பிடித்துவைப்பது பல இடங்களில் தொடங்கிவிட்டது. அதோடு, யாருக்குக் கற்றுத்தரக் கூடாது, எதை எப்போது தரக்கூடாது, ஏன் என்று ஒவ்வோர் ஆசானிடமும் கேட்டு எழுதுங்கள். அடைவு போனால் வேறோர் ஆசான் இட்டுக்கட்டிவிடுவார். இந்த மறுப்புகள் போனால் திரும்ப வராது. என் பார்வையில் இது முதல் வேலை, மிக அவசரமான வேலையும் இதுவே.

அடுத்தது, ஒவ்வொரு சிலம்பக் கூடமும் ஆண்டுக்கொரு முறை பெற்றோர் முன்னும் ஊரார் முன்னும் கணக்குச் சொல்லட்டும். வாங்கிய கட்டணக் கணக்கு மட்டும் அன்று. எத்தனை பிள்ளைகளுக்கு அடிபட்டது, யார் கூடத்தை விட்டுப் போனார்கள், ஏன் போனார்கள், கம்பை வெளியே சண்டைக்கு எடுத்தவர் எவராவது உண்டா, அவர்மேல் என்ன நடவடிக்கை என்பதும் அதில் வரட்டும். பிள்ளைகளை ஒருவர் கையில் ஒப்படைக்கும் இடம் இது. கணக்குக் காட்டாதவர் அடுத்த ஆண்டு கற்றுத்தரக் கூடாது என்று விதி செய்வதற்கு இந்த ஊரைவிடத் தகுதியான ஊர் வேறில்லை.

மூன்றாவது, போட்டி. இப்போது தொட்டால் புள்ளி. தொட்டவுடன் கம்பைத் தூக்கிக் கத்துவதும் விழுந்த பிள்ளையைப் பார்த்துத் துள்ளுவதும் பழக்கமாகிவருகிறது. கெண்டோவில் மூன்று நடுவர்கள் சிவப்பும் வெள்ளையுமான கொடிகளோடு நிற்கிறார்கள். இருவர் ஒப்பினால் புள்ளி. ஆனால் புள்ளி பெற்றவர் வெற்றிக் களிப்பில் கையை உயர்த்தினால் கொடுத்த புள்ளியையே திரும்ப எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. மனத்தின் கட்டு வெளியிலிருந்து சோதிக்கப்படும் இடம் அது. போரில் தோற்ற பிறகு, 1952இல் புதிதாக அமைந்த அவர்களுடைய கூட்டமைப்பு விடாமல் காத்துவரும் விதிகளில் இதை நான் மிகவும் மதிக்கிறேன். நம் வட்டாரப் போட்டிகளில் இதை எடுத்துக்கொள்ளலாம். நடுவருக்குச் சுமை கூடும், பிள்ளைகளின் உற்சாகம் குறையும் என்று ஆசான்கள் சிலர் என்னிடம் சொன்னார்கள். உற்சாகத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. எதிரே நிற்கும் பிள்ளைக்கு வணக்கம் சொல்லிக் கம்பை இறக்கும் வரைதான் இந்த விதி. அதன்பின் அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் துள்ளட்டும். இங்குள்ள ஆசான்களில் மூவர் நடுவராக நிற்கச் சம்மதித்தால், பத்து முதல் பதினான்கு வயதுப் பிரிவில் மட்டும் இந்த ஆண்டே செய்து பார்க்கலாம். விதியை எழுதிக் கொண்டுவருகிறேன். திருத்த வேண்டியதை அவையிலேயே திருத்துங்கள்.